காவலர் பட்ட புண்

பண்டைத் தமிழர் போர்க்களத்திற் பட்ட புண்களை இரு வகையாகப் பிரித்து எண்ணினர். மார்பிலும் முகத்திலும் பட்டது விழுப்புண்; முதுகிற் பட்டது புறப்புண். முன்னது பெருமைக்குரியது, பின்னது நாணத்துக்குரியது. வெண்ணிப் பறந்தலையிலே கரிகாலனோடு பொருத சேரமான் பெருஞ்சேரலாதனுடைய மார்பிற் பாய்ந்த வேல், முதுகையும் துளைத்துக்கொண்டு சென்றதென்றும், அதனால் உண்டான புண்ணைப் புறப்புண்ணாகவே கருதி நாணிய அம்மன்னன் வாளோடு வடக்கிருந்து உயிர் துறந்தான் என்றும் கூறுவர். கழாத்தலையாரும் வெண்ணிக்குயத்தியாரும் பாடிய பாடல்கள் புறநானூற்றில் இருப்பதால் அவன் பெயர் இன்றும் நிலவுகின்றது.

இச்செய்தியைப் படிக்குந்தோறும் அம்மன்னனுடைய மான உணர்ச்சியை நாம் வியக்கிறோம். வியத்தற்குரியதே அது. ஆயினும் எனக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. அவன் ஓடியவன் அல்லன். வேல் வந்த திசையை நோக்கி நின்றவன். அவ்வாறிருக்க, அது புறப்புண் என்று தீர்ப்புக் கூறியவர் யார்? புண் தானாகப் பேசுவதில்லை. பார்ப்பவர் அதற்கொரு பெயரிடுகின்றனர். சில வேளைகளில், பார்ப்பவர் வாய் திறக்குமுன்பே, பட்டவன் தனக்குத் தானே அப்பெயரைச் சூட்டிக்கொள்கிறான்.

கண்ணால் காணக்கூடிய புண்ணுக்கே இவ்வளவு வழக்கு உண்டென்றால், உள்ளத்திலே பட்ட புண்ணைப் பற்றிக் கேட்க வேண்டுவதில்லை. அதற்கு மார்பும் இல்லை, முதுகும் இல்லை. குருதியும் இல்லை, வடுவும் இல்லை. போர்வீரர்க்கு அத்தகைய புண் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளவே உலகிற்கு நெடுங்காலம் ஆயிற்று. முதல் உலகப் போரின்போது, குண்டுகளின் நடுவே இருந்து மீண்ட வீரர் சிலர் பேச்சிழந்தும் பார்வை குன்றியும் நினைவு தடுமாறியும் இருப்பதைக் கண்ட சார்லஸ் மையர்ஸ் என்னும் ஆங்கில மருத்துவ அறிஞர், 1915-ஆம் ஆண்டில் அதனைக் ‘குண்டு அதிர்ச்சி’ என்னும் பொருள்படும் பெயரால் ‘லான்செட்’ மருத்துவ இதழில் எழுதினார். ஆயினும் என்ன? அதே போரில், களத்தை விட்டு நீங்கினர், கோழைத்தனம் காட்டினர் என்பன போன்ற குற்றங்களுக்காகத் தன் சொந்த வீரர்களையே பிரிட்டிஷ் படை சுட்டுக் கொன்றது. அவர்களுள் 306 பேருக்குப் பிரிட்டன் மன்னிப்பு வழங்கிய ஆண்டு 2006! இரண்டாம் உலகப் போரில், 1943-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், சிசிலித் தீவிலிருந்த மருத்துவமனைகளைப் பார்வையிட்ட அமெரிக்கத் தளபதி பேட்டன், உடலிற் காயமின்றி மனங்கலங்கி வந்திருந்த வீரர் இருவரைக் கோழைகள் என்று ஏசிக் கன்னத்தில் அறைந்தார்.

போர்வீரர் நிலை இது. காவலர் நிலையோ இதனினும் பின்தங்கியது. போர் என்றேனும் ஒருநாள் முடியும். வீரன் வீடு திரும்புவான். காவலர்க்குப் போர் முடிவதும் இல்லை. பகைப்புலம் என்று தனியே ஓர் இடமும் இல்லை. தம் பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லும் அதே ஊர்த் தெருக்களிலே அவர்கள் பிணங்களை எடுக்கிறார்கள். மகன் இறந்தான் என்ற செய்தியைத் தாயிடம் சென்று சொல்கிறார்கள். மறுநாட் காலை மீண்டும் அதே தெருவுக்குச் செல்கிறார்கள். இவர்கள் உள்ளத்திலே படும் புண்ணுக்கு உலகம் என்ன பெயரிட்டது? இவ்வினாவுக்கு விடை காண, அமெரிக்க நாட்டின் மேற்குக் கரையிலுள்ள லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் காவலர் ஒருவரின் வாழ்க்கையை நோக்குவோம். அவர் பெயர் கார்ல் ஹெட்டிங்கர்.

1963-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 9-ஆம் நாள், சனிக்கிழமை இரவு. ஹாலிவுட் பகுதியில், சீருடையின்றிச் சாதாரண உடையணிந்து, ஒரு காரிலே சுற்றிக் காவல் புரிந்துகொண்டிருந்தனர் இருவர். ஒருவர் இயன் காம்பெல், வயது 31. மிடுக்கு உடையவர். ஸ்காட்லாந்து மக்களுடைய பைக்குழல் இசையிலே பெருங்காதல் கொண்டவர். மற்றவர் ஹெட்டிங்கர், வயது 28. அமைதியானவர், பேச்சுக் குறைந்தவர். இருவரும் ஒரே காரில் இணைந்து பணி செய்யத் தொடங்கிச் சில நாட்களே ஆகியிருந்தன.

கார்லோஸ் தெருவும் கோவர் தெருவும் கூடும் இடத்தருகே ஒரு பழைய ஃபோர்டு கார் சென்றது. அதன் பின்புற எண் பலகைக்குரிய விளக்கு எரியவில்லை. சிறு குற்றந்தான்; ஆயினும் உள்ளே இருந்த இருவரின் தோற்றமும் ஐயத்துக்கு இடந்தந்தது. காவலர் அக்காரை நிறுத்தினர். உள்ளே இருந்தவர்கள் கிரிகரி பவல், ஜிம்மி லீ ஸ்மித் என்போர். மதுக்கடைகளிற் கொள்ளையடித்து வந்தவர்கள். இதனைக் காவலர் அறியார். காம்பெல் நெருங்கியதும், காரிலிருந்து இறங்கிய பவல் நொடிப்பொழுதில் கைத்துப்பாக்கியை அவருடைய முதுகிலே வைத்து அழுத்திவிட்டான்.

மறுபுறம் நின்ற ஹெட்டிங்கர் தம் துப்பாக்கியை உருவிவிட்டார். ஆனால், சுடுவது எங்ஙனம்? பவலுக்கு முன்னே காம்பெலின் உடல் மறைப்பாக நின்றது. தம் முதுகிலே துப்பாக்கி இருக்கிறது, உம்முடையதைக் கொடுத்துவிடும் என்று காம்பெல் கேட்டுக்கொண்டார். ஹெட்டிங்கர் தயங்கினார். அத்தயக்கம் சில நொடிகளே நீடித்தது. பின்னர்த் தம் துப்பாக்கியை ஸ்மித்திடம் கொடுத்தார். தோழரின் உயிரைக் காக்கக் கொடுத்தார். தோழர் கேட்டதனால் கொடுத்தார். அச்சில நொடிகளை அவர் தம் எஞ்சிய வாழ்நாள் முழுவதும் மீண்டும் மீண்டும் வாழ வேண்டியிருக்கும் என்பதை அப்பொழுது அறிந்திலர்.

காம்பெல் காரை ஓட்டுமாறு பணிக்கப்பட்டார். கார் வடக்கு நோக்கி மலைச்சாலை வழியே ஏறத்தாழ 90 மைல் சென்றது. தொலைவிலே ஓரிடத்தில் இறக்கி விட்டுவிடுவோம், உங்களுக்குத் தீங்கில்லை என்று பவல் சொல்லிக்கொண்டே வந்தான். நள்ளிரவு வேளையில், கெர்ன் மாவட்டத்திலே, பேக்கர்ஸ்ஃபீல்டு நகருக்குத் தெற்கே, ஒரு வெங்காய வயலின் ஓரமாகக் கார் நின்றது. காவலர் இருவரும் கைகளை உயர்த்தியவாறு இறங்கி நின்றனர். ‘சிறிய லிண்ட்பர்க் சட்டம்’ என்பதைக் கேள்விப்பட்டதுண்டா என்று பவல் வினவினான். காம்பெல் ஆம் என்றார். அடுத்த கணமே பவல் அவர் முகத்தை நோக்கிச் சுட்டான். நிலத்தில் வீழ்ந்தவர் மார்பிலே மேலும் நான்கு குண்டுகள் பாய்ந்தன. அவற்றைச் சுட்டவன் யார் என்பதில் குற்றவாளிகள் இருவரும் ஒருவரையொருவர் சுட்டிக் காட்டினர். ஹெட்டிங்கர் இருளில் ஓடினார். துரத்திய குண்டுகளுக்குத் தப்பி, வயல்களினூடே ஏறத்தாழ 4 மைல் ஓடி, உழவர் குடியிருப்பு ஒன்றை அடைந்தார். அன்றிரவே பவலும், மறுநாள் ஸ்மித்தும் பிடிபட்டனர்.

இவ்விடத்தில் அச்சட்டத்தைப் பற்றி ஒரு சொல் கூற வேண்டும். தனியொருவராய் அட்லாண்டிக் பெருங்கடலை விமானத்திற் கடந்து புகழ் பெற்ற சார்லஸ் லிண்ட்பர்க்கின் பச்சிளங் குழந்தை 1932-இல் கடத்திக் கொல்லப்பட்டது. அதன் விளைவாக அமெரிக்க நடுவண் அரசு ஆட்கடத்தலுக்கு எதிராகக் கடுஞ்சட்டம் இயற்றியது. மாநிலங்கள் இயற்றிய அத்தகைய சட்டங்களைச் சிறிய லிண்ட்பர்க் சட்டங்கள் என்பர். காவலரைக் கடத்திய மாத்திரத்திலேயே தனக்கு மரண தண்டனை உறுதியாகிவிட்டது, இனிக் கொன்றாலும் அதற்குமேல் தண்டனை இல்லை என்று பவல் எண்ணினான். அவன் எண்ணியது தவறு. பணயப் பொருளுக்காகவோ கொள்ளைக்காகவோ கடத்தி, கடத்தப்பட்டவரின் உடலுக்கும் ஊறு செய்திருந்தாலன்றி, கலிஃபோர்னியாச் சட்டப்படி ஆட்கடத்தலுக்கு மரண தண்டனை இல்லை. சட்டத்தை அரைகுறையாக அறிந்த ஒருவனுடைய தவறான கணக்கு ஓர் உயிரைக் குடித்தது. காம்பெல் செய்ததோ ஹெட்டிங்கர் செய்ததோ அதற்குக் காரணம் அன்று. இதனை மனத்திற் கொண்டு, மேலே நிகழ்ந்ததைக் கேளுங்கள்.

காம்பெலின் இறுதிச் சடங்கிலே அவர் விரும்பிய பைக்குழல் ஒலித்தது. அவர் வீரராகப் போற்றப்பட்டார், அது முறையே. உயிரோடு திரும்பியவரைப் போற்றுவாரும் இல்லை, தேற்றுவாரும் இல்லை. சில நாட்களிலேயே அவர் பணிக்குத் திரும்பினார். மருத்துவர் ஒருவரிடம் மனம் விட்டுப் பேசுவதற்கு அத்துறையில் அப்பொழுது வழியே இல்லை. அதற்கு மாறாக, அவர் காவல் நிலையம் காவல் நிலையமாகச் சென்று, முறைப்பணிக்குப் புறப்படுமுன் காவலர் ஒன்றுகூடும் ‘ரோல்கால்’ கூட்டங்களிலே, அன்றிரவு நிகழ்ந்ததைத் தம் வாயாலேயே விரித்துரைக்க வேண்டும் என்று மேலதிகாரிகள் பணித்தனர். மற்றவர்க்குப் பாடமாக அமையும் என்பது அவர்கள் கருத்து. எந்த இடத்தில் தவறு நேர்ந்தது, வேறு என்ன செய்திருக்கலாம் என்று எதிரே அமர்ந்திருந்தோர் வினவினர். தோழரின் சாவு கண்முன் நின்று அகலாத ஒருவர், அச்சாவைப் பற்றித் தாமே குறுக்கு விசாரணைக்கு உள்ளாகி, அறிமுகமில்லாத சக காவலர் முன் நாள்தோறும் நின்றார்.

இதனோடு நிற்கவில்லை. சில வாரங்களுக்குள் உயரதிகாரி ஒருவர் எழுதிய சுற்றறிக்கை காவலர் அனைவர்க்கும் சென்றது. எந்நிலையிலும் காவலர் தம் துப்பாக்கியைக் குற்றவாளியிடம் ஒப்படைத்தலாகாது. சரணடைவது உயிருக்கு உறுதி தருவதன்று. அத்தகைய நேரத்தில் எதிர்த்துப் போராடுவதே கடமை என்பது அதன் சாரம். சுற்றறிக்கையைப் படித்தோர் அனைவரும், அது யாரை நினைந்து எழுதப்பட்டது என்பதை அறிவர். ஹெட்டிங்கரும் அறிவார்.

நேர்மையோடு ஆராயுமிடத்து, அவ்விதி முற்றும் அறிவற்றது என்று சொல்வதற்கில்லை. ஆயுதத்தை இழந்த காவலர் பெரும்பாலும் குற்றவாளியின் தயவிலேயே இருக்கிறார் என்பது உண்மை. வருங்காலத்துக்கு ஒரு விதி வகுப்பது துறையின் உரிமை. ஆனால் பாடம் வேறு; பழி வேறு. நாளைக்கு ஒரு விதி வகுக்கப்பட்டது என்பதால், அவ்விதி இல்லாத நேற்றைய இரவிலே ஒருவர் அதனை மீறினார் என்று ஆகிவிடுமா? தோழரின் முதுகிலே துப்பாக்கி இருக்கும்போது சுட்டிருந்தால், முதலில் வீழ்ந்திருக்கக் கூடியவர் அத்தோழரே. அப்பொழுது இதே துறை, தோழரின் உயிரைப் பணயம் வைத்த அவசரக்காரர் என்று அவரைப் பழித்திராது என்பதற்கு உறுதி என்ன?

ஏன் இவ்வாறு செய்தனர்? அவர்கள் கொடியவர்கள் அல்லர். ஹெட்டிங்கரைத் துன்புறுத்த வேண்டும் என்று எண்ணியவர் அவர்களுள் மிகச் சிலராகவே இருந்திருத்தல் வேண்டும். என் எண்ணத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன்: அவர்களுக்குத் தேவைப்பட்டது ஒரு பிழை. எங்கேயோ ஒரு பிழை நேர்ந்ததனால்தான் காம்பெல் இறந்தார் என்றால், அப்பிழையைச் செய்யாத காவலர் சாகமாட்டார் அல்லரோ? அந்நம்பிக்கை இருந்தால் இரவிலே துணிந்து காரில் ஏறலாம். எவ்விதப் பிழையும் இல்லாமலே, எரியாத ஒரு சிறு விளக்கினால், ஒரு மூடனின் தவறான சட்டக் கணக்கினால், நாளை நாமும் இறக்கலாம் என்று ஒப்புக்கொண்டால், இரவுதோறும் எங்ஙனம் புறப்படுவது? ஆகவே உயிரோடிருந்தவர் மீது பிழை ஏற்றப்பட்டது. மற்றவர் நிம்மதியாக உறங்குவதற்கு ஹெட்டிங்கரின் உறக்கம் விலையாயிற்று.

இதனினும் வருந்தத்தக்கது ஒன்றுண்டு. ஹெட்டிங்கரும் அதனை நம்பினார். பேரிடரில் தாம் மட்டும் பிழைத்தோர் பலரிடத்தும் காணப்படும் இயல்பு இது என்று மனநூலார் கூறுவர். நான் ஒன்றும் செய்ய இயலாதவனாய் நின்றேன் என்று ஒப்புக்கொள்வதைக் காட்டிலும், நான் தவறு செய்தேன் என்று சொல்லிக்கொள்வது மனத்துக்கு எளிதாக இருக்கிறது. தவறு என்றால், அங்கே நம் கையில் ஏதோ இருந்தது என்றாகிறது. இயலாமை என்றாலோ, ஒன்றுமே இல்லை. வடக்கிருந்த மன்னனைப் போல, ஊரார் இட்ட பெயரை அவரும் தம் புண்ணுக்கு இட்டுக்கொண்டார்.

அடுத்த மூன்று ஆண்டுகளில் அப்புண் உள்ளே புரையோடியது. கொடுங்கனவுகள் அவரை உறங்கவிடவில்லை. உடல் மெலிந்தது. சிரிப்பும் பேச்சும் குன்றின. சில காலம் காவல்துறைத் தலைவர் வில்லியம் பார்க்கருக்குக் காரோட்டியாகப் பணிபுரிந்தார். பின்னர், கூட்டங்களிலே பையில் கைவிடும் திருடரைப் பிடிக்கும் பிரிவுக்கு மாற்றப்பட்டார். இதற்கிடையே நீதிமன்றம் அவரை விடவில்லை. 1963-லேயே குற்றவாளிகள் இருவர்க்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஆயினும், விசாரணையின்போது அவர்களுடைய வாக்குமூலங்கள் பெறப்பட்ட முறை புதிய சட்டத் தீர்ப்புகளுக்குப் பொருந்தவில்லை என்ற காரணத்தால், கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம் 1967-இல் அத்தீர்ப்பை நீக்கி மறுவிசாரணைக்கு வழி செய்தது. குற்றவாளியின் உரிமையைக் காப்பது நீதியின் கடமை. அதனை நான் குறை கூறவில்லை. ஆனால் அதன் விளைவு யாதெனில், அவ்வயலில் நிகழ்ந்ததை நேரிற் கண்ட ஒரே சாட்சி மீண்டும் மீண்டும் கூண்டிலேறி, அவ்விரவை முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று. குற்றவாளிகளின் வழக்கறிஞர் ஒவ்வொரு நொடியையும் பிரித்துப் பிரித்து வினவினர். ஆறாத புண்ணை ஆண்டுதோறும் கீறிப் பார்ப்பது போன்றது அது.

மறுவிசாரணை வருமுன்பே, 1966-ஆம் ஆண்டில், யாரும் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. திருடரைப் பிடிக்கும் பிரிவிலிருந்த ஹெட்டிங்கர், கடையிற் சிறு பொருள் திருடியதாகப் பிடிபட்டார். மதிப்பில் அற்பமான பொருள். தேவைக்காக எடுத்ததும் அன்று. துறை அவரைப் பதவி விலகச் செய்தது. நேர்மையோடு வாழ்ந்த ஒருவர் இவ்வாறு செய்தது ஏன் என்பதற்கு ஒரு விளக்கம் கூறப்படுவதுண்டு. தாம் தண்டிக்கப்பட வேண்டியவர் என்று அவர் உள்மனம் உறுதியாக நம்பியது. அன்றைய இரவுக்காக எந்த நீதிமன்றமும் அவரைத் தண்டிக்கவில்லை. ஆகவே தண்டனைக்குரிய குற்றம் ஒன்றை அம்மனம் தானே தேடிக்கொண்டது. இவ்விளக்கம் முற்றும் சரியானதா என்று யானறியேன். ஆனால், நோயுற்ற ஒருவரைக் கண்டு, இவர் நோயாளி என்று சொல்வதற்கு மூன்றாண்டு காலம் அத்துறையில் ஒருவரும் இல்லை என்பது மட்டும் திண்ணம். பணியை இழந்த அவர் பிறர் வீட்டுத் தோட்டங்களிலே வேலை செய்து பிழைத்தார்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் நாம் ஹெட்டிங்கர் என்ற பெயரையே கேட்டிருக்க மாட்டோம். அதே லாஸ் ஏஞ்சல்ஸ் காவல்துறையில் ஜோசப் வாம்பா என்னும் அதிகாரி ஒருவர் பணிபுரிந்தார். பகலிற் காவலர், ஓய்வு நேரத்தில் எழுத்தாளர். 1971-இல் வெளியான இவருடைய முதல் நாவலே பெரும்புகழ் பெற்றது. தம் துறையில் வதந்தியாகவும் எச்சரிக்கையாகவும் உலவிவந்த ஹெட்டிங்கர் கதையை இவர் உள்ளபடி அறிய விரும்பினார். நீதிமன்றப் பதிவுகளைப் படித்தார், தொடர்புடையோரைக் கண்டு பேசினார், ஹெட்டிங்கரோடும் பேசினார். 1973-இல் ‘வெங்காய வயல்’ என்று பொருள்படும் தலைப்பில் நூல் வெளிவந்தது. 1979-இல் அது திரைப்படமும் ஆயிற்று. கொலையுண்டவரைப் பற்றியும் கொலைசெய்தவரைப் பற்றியும் நூல்கள் பல உண்டு. பிழைத்தவரைப் பற்றி, அதுவும் பிழைத்த காவலரைப் பற்றி, சீருடை அணிந்திருந்த ஒருவரே எழுதிய நூல் என்பதே இதன் சிறப்பு. அடுத்த ஆண்டே வாம்பா துறையை விட்டு விலகி முழுநேர எழுத்தாளரானார். சுற்றறிக்கை சொல்லாத செய்தியை அந்நூல் படிப்போர்க்குச் சொல்லிற்று.

இதற்குள் அத்துறையிலும் மாறுதல் ஒன்று தொடங்கியிருந்தது. 1965-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அந்நகரின் வாட்ஸ் பகுதியில் பெருங்கலவரம் மூண்டு 34 பேர் மாண்டனர். காவலர்க்கும் கறுப்பின மக்களுக்கும் இடையே இருந்த பகைமையும் அவநம்பிக்கையும் அப்பொழுது உலகறிய வெளிப்பட்டன. காவலரின் மனநிலையை அறியாமல் காவல்துறையை நடத்த இயலாது என்ற எண்ணம் அதன்பின் வலுத்தது. 1968-இல் மார்ட்டின் ரைசர் என்னும் மனநூல் அறிஞரை லாஸ் ஏஞ்சல்ஸ் காவல்துறை பணியில் அமர்த்தியது. அமெரிக்கக் காவல்துறை ஒன்றிலே முழுநேரமும் பணிபுரிந்த முதல் மனநூலறிஞர் இவர் என்பர். ஹெட்டிங்கர் விலகிய ஈராண்டுக்குப் பின்னர், அவர் விலகிய அதே துறையில், அவருக்கு வேண்டியிருந்த ஒருவர் வந்து அமர்ந்தார்.

வந்து அமர்ந்துவிட்டால் போதுமா? அவர் அறைக்குள் காவலர் நுழைய வேண்டுமே! அதுதான் கடினம். அங்கே செல்வதைக் கண்டால் மற்றவர் என்ன நினைப்பர்? துப்பாக்கியைப் பறித்துக்கொண்டு மேசைப் பணிக்கு மாற்றிவிடுவார்களோ? பதவி உயர்வு தடைப்படுமோ? அங்கே சொல்வது மேலதிகாரியின் காதுக்கு எட்டுமோ? இவ்வச்சங்கள் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு மட்டும் உரியவை அல்ல. காவற்பணி உள்ள நாடுகளிலெல்லாம் இன்றும் பேசப்படுபவை. ஒடிந்த கையைக் கட்டிக்கொண்டு வரும் காவலரைத் தோழர்கள் சூழ்ந்துகொண்டு நலம் கேட்கிறார்கள்; உறங்க இயலவில்லை என்று சொல்பவரிடமிருந்தோ மெல்ல விலகி அமர்கிறார்கள். மனத்தைத் திடமாக வைத்திருப்பதே இத்தொழிலின் முதல் தகுதி என்று கற்பிக்கப்பட்டவர், அத்திடம் குலைந்தது என்று எவரிடம் சொல்வார்? சொல்லாதவர், குடியிலோ, இல்லத்தாரிடம் காட்டும் சினத்திலோ அதனை வெளியிடுகிறார். சிலர் தம் இடுப்பிலேயே இருக்கும் துப்பாக்கியால் தம் உயிரை முடித்துக்கொள்கின்றனர். பணியிற் கொல்லப்பட்டோர் பெயர்கள் நினைவுக் கற்களிலே பொறிக்கப்படுகின்றன. இவர்கள் பெயர்கள் பெரும்பாலும் பொறிக்கப்படுவதில்லை.

நோய்க்குப் பெயர் கிடைத்ததும் வெகு காலங்கழித்தே. வியட்நாம் போரிலிருந்து மீண்ட வீரர்களும், அவர்களுக்குப் பரிவு காட்டிய மருத்துவர்களும் இடைவிடாது வற்புறுத்தியதன் பயனாக, 1980-ஆம் ஆண்டில் அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கம் வெளியிட்ட நோய்த்தொகுதி நூலின் மூன்றாம் பதிப்பிலே, பேரதிர்ச்சிக்குப் பின் நீடிக்கும் மனநோய் தனியொரு நோயாக இடம்பெற்றது. திரும்பத் திரும்ப வரும் கொடுங்கனவு, உறக்கமின்மை, எதிலும் விருப்பமற்ற மரப்பு, பிழைத்ததற்காகவே வருந்தும் குற்றவுணர்ச்சி என்று அந்நூல் எடுத்துரைத்த குறிகள், 17 ஆண்டுகளுக்கு முன்னர் காவல் நிலையங்களிலே நின்று கதை சொன்ன அவ்விளைஞரிடம் ஏறத்தாழ முழுமையாகக் காணப்பட்டவை. இன்று ஒரு துறையில் அத்தகைய கொடுமைக்கு உள்ளான காவலர் சில நாட்களுக்கு ஓய்வு பெறுகிறார். மனநூலறிஞரைக் கண்ட பின்னரே பணிக்கு மீளுகிறார். பல நாடுகளிலே இஃது ஒழுங்குமுறை ஆகிவிட்டது. ஒழுங்குமுறை ஏட்டில் இருப்பதும் நடைமுறையில் இருப்பதும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவைக்க வேண்டும்.

குற்றவாளிகளின் முடிவை இரண்டொரு சொற்களில் கூறிவிடலாம். மறுவிசாரணையில் பவலுக்கு மீண்டும் மரண தண்டனையும் ஸ்மித்துக்கு ஆயுள் தண்டனையும் விதிக்கப்பட்டன. 1972-இல் கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம் மரண தண்டனையே செல்லாது என்று தீர்ப்பளித்ததால் பவலும் ஆயுள் கைதியானான். ஸ்மித் 1982-இல் விடுதலையாகிப் பின்னர்ப் பலமுறை சிறை புகுந்து 2007-இல் காவலில் இருக்கும்போதே இறந்தான். பவல் 2012-இல் சிறையிலேயே இறந்தான்.

ஹெட்டிங்கர் நகரத்தை விட்டு நீங்கினார். அவர் குடியேறிய ஊர் எது என்று நினைக்கிறீர்கள்? கெர்ன் மாவட்டத்துப் பேக்கர்ஸ்ஃபீல்டு! எந்த மண்ணில் அவருடைய தோழர் வீழ்ந்தாரோ, எந்த வயல்களினூடே அவர் உயிருக்கு அஞ்சி ஓடினாரோ, அந்த மாவட்டத்தையே அவர் வாழுமிடமாகத் தேர்ந்தார். செடி கொடிகளிலும் பயிர்த்தொழிலிலும் அவருக்கு ஈடுபாடு உண்டு. அப்பகுதியோ வேளாண்மைக்குப் பெயர் பெற்றது. காரணம் அவ்வளவே ஆகவும் இருக்கலாம். அங்கே மாவட்ட ஆட்சிக்குழு உறுப்பினர் ஒருவரிடம் உதவியாளராகப் பணியாற்றினார். 1987-ஆம் ஆண்டில் அவ்விடம் காலியானபோது கலிஃபோர்னிய ஆளுநர் ஹெட்டிங்கரையே அக்குழுவுக்கு உறுப்பினராக நியமித்தார். நெறி தவறியவர் என்று ஒரு துறையால் வெளியேற்றப்பட்டவர், ஒரு மாவட்டத்தின் வரவு செலவையும் சாலைகளையும் காவற் செலவையும் முடிவு செய்யும் அவையிலே அமர்ந்தார். அவரை அறிந்தோர் அவரை அமைதியானவர், எளியவர் என்றே கூறினர்.

1994-ஆம் ஆண்டு மே மாதம் 4-ஆம் நாள், தம் 59-ஆம் வயதில், ஈரல் நோயால் அவர் காலமானார். அவ்வெங்காய வயல் இருந்த இடத்துக்கு அவர் வாழ்ந்த ஊரிலிருந்து காரிற் செல்ல ஒரு மணி நேரங்கூட ஆகாது.